இட்லி எத்தனை, சோறு எத்தனை கிராம்? புதுசா டைப் 2 சுகர் வந்தவருக்கு நம்ம ஊர் சாப்பாட்டுக் கணக்கு

முத்தியால்பேட்டை மாடிவீடு

வணக்கம். அப்பாவுக்கு 54 வயசு, எடை 78 கிலோ. வெறும் வயித்துல 168, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 262, எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 8.4. மெட்ஃபார்மின் 500 காலையும் ராத்திரியும், வேற மாத்திரை இல்ல. கிட்னி டெஸ்ட் நார்மல்.

கையில ஒரு டயட் சார்ட் இருக்கு: ஓட்ஸ், ப்ரோக்கோலி, கினோவா, ஆலிவ் ஆயில். வீட்ல நடக்கிறதோ காலையில அஞ்சு இட்லி இல்லன்னா மூணு தோசை, மதியம் சோறும் மீன் குழம்பும், ராத்திரி "சுகருக்கு நல்லது"ன்னு நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும். மூணு வேளை காபி. இதே சமையலை வச்சுக்கிட்டு சுகரைக் கீழே கொண்டுவர முடியுமா? கிராம் கணக்குல சொன்னா உபயோகமா இருக்கும்.

மஞ்சக்குப்பம் தராசு

முடியும் தம்பி. அந்தச் சார்ட்டை மடிச்சு வச்சுட்டு, கிராம் காட்டுற சமையல் தராசு ஒண்ணு வாங்குங்க. "எங்க வீட்டு இட்லி சின்னதுதான்"னு சொல்லாத வீடு கிடையாது. நிறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.

வீட்டு இட்லி ஒண்ணு 40 கிராம் இருந்தா அதுல சுமார் 10 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்). ஹோட்டல் இட்லி 70, 80 கிராம் போகும். அப்போ 18, 20. தோசைக்கு ஒரு கரண்டி மாவு 80 கிராம்னா சுமார் 25 கிராம் மாவுச்சத்து, மூணு தோசை 75. வடிச்ச சோறு 100 கிராமுக்கு 27, 28. அரிசியா அளக்கிறதா இருந்தா 50 கிராம் அரிசி வெந்து ஏறக்குறைய 150 கிராம் சோறாகும், அதுல 40 கிராம் மாவுச்சத்து.

இப்போ ராத்திரி சப்பாத்திக்கு வாங்க. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவுன்னா நாலுக்கு 120 கிராம் மாவு. மாவுச்சத்து மட்டும் 75, 80 வரும். அது 270 கிராம் சோத்துக்குச் சமம். மதியம் சோத்தைக் குறைச்சுட்டு ராத்திரி அதே அளவை கோதுமையா உள்ள தள்ளி, மேல உருளைக்கிழங்கும் போட்டா சுகர் எப்படி இறங்கும்? கோதுமையில நார் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

காபியைக் கணக்குல சேர்க்க எல்லாரும் மறந்துடுவாங்க. ஒரு டீஸ்பூன் நிறைய சர்க்கரை 5 கிராம். ரெண்டு ஸ்பூன், மூணு வேளைன்னா 30 கிராம். மூணு இட்லியை டம்ளர்ல கரைச்சுக் குடிச்ச மாதிரி. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுக்கு மாத்தினாலும் கணக்கு இதேதான்.

ஆரம்பத்துக்கு இப்படி வைங்க: காலை 30லிருந்து 40, மதியம் 45, ராத்திரி 30லிருந்து 40 கிராம் மாவுச்சத்து. அதாவது காலையில மூணு சின்ன இட்லி, மதியம் 150 கிராம் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. காலி வயித்தை நிரப்ப ஒவ்வொரு வேளையும் 150, 200 கிராம் காய். அவரை, பீன்ஸ், புடலை, கத்தரி, வெண்டை, கோவைக்காய், எந்தக் கீரையானாலும் சரி. உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு, சேனை காய் கணக்குல வராது, சோத்துக் கணக்குல வரும். கூடவே புரதம்: ரெண்டு முட்டை, இல்ல 100 கிராம் மீன், இல்ல ஒரு கிண்ணம் சுண்டல். சுண்டல்ல மாவுச்சத்தும் உண்டு; 30 கிராம் காய்ஞ்ச கொண்டைக்கடலைக்கு 12லிருந்து 18 வரைக்கும் எடுத்துக்குங்க.

சாப்பிடுற வரிசையும் முக்கியம். காயும் மீனும் முதல்ல, சோறு கடைசியில. ஒரே தட்டு, ஒரே அளவுதான். ஆனா சோறு முதல்ல போனா ஏற்றம் செங்குத்தா இருக்கும், பின்னாடி போனா மெதுவா ஏறும்.

வில்லியனூர் வரகு

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? அரிசியை நிறுத்திட்டு வரகு, சாமை, தினை, கேழ்வரகுக்கு மாறினா போதும். நம்ம தாத்தா பாட்டி தராசா வச்சிருந்தாங்க?

மஞ்சக்குப்பம் தராசு

தாத்தா ஏர் ஓட்டினாரு சார். அப்பா என்ன வேலை பார்க்கிறாருன்னு முதல்ல கேக்கணும்.

காய்ஞ்ச அரிசி 100 கிராம்ல 78 மாவுச்சத்துன்னா, சிறுதானியங்கள்ல 60லிருந்து 70. நார் கூட இருக்கு, முழுசா உதிரியா வேக வச்சா அரிசியை விட மெதுவாத்தான் ஏறும், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு இடத்துல காரியம் கெட்டுப் போகுது. ஒண்ணு, "சிறுதானியம்தானே"ன்னு ரெண்டு பங்கு போட்டுக்கிறது. இன்னொண்ணு கூழும் கஞ்சியும். கேழ்வரகை நைசா அரைச்சு, தண்ணியில கொழையக் காய்ச்சி, பெரிய சொம்புல குடிச்சா மெல்லுற வேலையே இல்ல, வயித்துல தங்குறதும் இல்ல. அதே 40 கிராம் கேழ்வரகு மாவை முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடையா தட்டினா சுகர் மீட்டர்ல வேற எண் வரும். பாக்கெட் சாமை வெள்ளை வெளேர்னு பளபளன்னு இருந்தா தவிடு போயிடுச்சுன்னு அர்த்தம். லேசா பழுப்பா இருக்கிறதைப் பார்த்து வாங்குங்க.

வில்லியனூர் வரகு

கூழ் விஷயம் சரிதான். அப்போ பழைய சோறு? ஆறின சோத்துல மாவுச்சத்து குறையும்னு சொல்றாங்களே.

மஞ்சக்குப்பம் தராசு

ஆறினா ஒரு பகுதி செரிக்காத மாவுச்சத்தா மாறும், உண்மை. ஆனா அது சின்னப் பகுதி. 300 கிராம் பழைய சோறு 100 கிராம் சோறா ஆயிடாது. 150 கிராம் பழையதுல மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டா நல்ல சாப்பாடு. தொட்டுக்க கருவாடுன்னா உப்பைப் பார்த்துக்குங்க, பிரஷர் உள்ளவங்க முக்கியமா.

லாஸ்பேட்டை லேப்

சாப்பாட்டைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு, அளக்கிறதைப் பத்தி யாரும் வாயே திறக்கல.

வீட்டு மீட்டர் இல்லாம இந்தக் கிராம் கணக்கு பாதிதான் உதவும். ஒரே மூணு இட்லி ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா ஏறும். ஒரு நாளைக்கு ஒரு வேளையை எடுத்துக்குங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு குத்து, முதல் வாய் வச்ச நேரத்திலிருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு குத்து. கை கழுவின நேரத்திலிருந்து இல்ல, முதல் வாயிலிருந்து. நோட்டுல என்ன சாப்பிட்டாரு, எத்தனை கிராம்னு பக்கத்துலயே எழுதுங்க. இன்னிக்குக் காலை, நாளைக்கு மதியம், அடுத்த நாள் ராத்திரின்னு சுத்தினா ரெண்டு ஸ்ட்ரிப்ல ஒரு நாள் ஓடிடும்.

பொதுவான இலக்கு வெறும் வயித்துல 80லிருந்து 130, சாப்பிட்டு 180க்குள்ள, எச்பிஏ1சி 7க்குள்ள. வயசு, வேற நோயைப் பொறுத்து டாக்டர் மாத்திச் சொல்லலாம். 8.4னா சராசரி சுகர் 194 வாக்கில் ஓடியிருக்குன்னு அர்த்தம். 7ன்னா 154. ஆக ஒரே வாரத்துல வெறும் வயிறு 100க்கு வரணும்னு எதிர்பார்க்காதீங்க.

எண் தப்பா வர்றதுக்குக் காரணங்கள்: பழம் உரிச்ச கையோட குத்துறது (விரல்ல ஒட்டின சாறே 50, 60 ஏத்திக் காட்டும், ஸ்பிரிட் பஞ்சு போதாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைங்க), ரத்தம் வரலைன்னு விரல் நுனியைப் பிசையறது, அப்புறம் நம்ம கடற்கரை ஊருக்கே உரிய ஒண்ணு, ஈரக்காத்து. ஸ்ட்ரிப் டப்பாவை மூடாம வச்சாலோ, குளிர்சாதனப் பெட்டியில வச்சு வெளிய எடுத்து உடனே திறந்தாலோ ஈரம் ஏறிடும். ஸ்ட்ரிப்பை வேற டப்பாவுக்கு மாத்தவே மாத்தாதீங்க, அந்த மூடியிலயோ சுவர்லயோதான் ஈரம் உறிஞ்சுற பொருள் இருக்கு. மீட்டருக்கு 100க்கு மேல 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சர்வதேசத் தரத்துலயே அனுமதி. 182க்கும் 170க்கும் நடுவுல சண்டை போடாதீங்க.

எச்பிஏ1சியை மூணு மாசத்துக்கு முன்னாடி திரும்பப் பார்க்கிறது காசுக்குக் கேடு. ரத்தச் சிவப்பணுவோட ஆயுசு ஏறக்குறைய 120 நாள், அந்தக் கணக்குத்தான். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தா இது கூடுதலாக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்க.

முத்தியால்பேட்டை மாடிவீடு

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ராத்திரி ரெண்டு சப்பாத்தியோட நிறுத்தினாலும் காலையில 155க்குக் கீழ வரல. பட்டினி கிடந்தும் எப்படி ஏறுது?

லாஸ்பேட்டை லேப்

ஈரல். விடியக்காலையில உடம்பு எழுந்திருக்கத் தயாராகுறப்போ சில ஹார்மோன்கள் சுரக்கும், ஈரல் தன்கிட்ட இருக்கிற குளுக்கோஸை ரத்தத்துல விடும். இன்சுலின் சரியா வேலை செய்யுறவங்களுக்கு அது தெரியாமலே அடங்கிடும், இவங்களுக்கு அடங்காது. மெட்ஃபார்மின் முக்கியமா இந்த ஈரல் வேலையைத்தான் குறைக்குது, அதுக்குச் சில வாரம் ஆகும். கடைசியா இறங்குறது பெரும்பாலும் வெறும் வயித்து எண்தான். எத்தனை மணிக்கு ராத்திரிச் சாப்பாடு?

முத்தியால்பேட்டை மாடிவீடு

கடை சாத்திட்டு வந்து பத்தேகால், பத்தரை.

மஞ்சக்குப்பம் தராசு

அங்கதான் விஷயம். ஏழரைக்குக் கடையிலயே சாப்பிடுற மாதிரி டப்பா கட்டிக் குடுங்க. வீட்டுக்கு வந்து பசிச்சா மோர், இல்ல ஒரு முட்டை. சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடக்கணும். காலை வாக்கிங்கை விட சுகருக்கு இது நேரடியா உதவும். வேலை செய்யுற தசை இன்சுலினைப் பெருசா எதிர்பார்க்காம குளுக்கோஸை இழுத்துக்கும். பாண்டியில ராத்திரி பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, முத்தியால்பேட்டைக்கு அது எட்டுற தூரம்தான். இந்தப் பக்கம் கடலூர்ல எங்களுக்கு சில்வர் பீச் மணல். மணல்ல நடந்தா இன்னும் நல்லா வாங்கும், கால்ல உணர்ச்சி குறைஞ்சவங்க மட்டும் வெறுங்காலோட போகக்கூடாது.

பண்ருட்டி தோப்பு

பலாப்பழ சீசன் வந்துட்டா எங்க பக்கம் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், தொடலாமா கூடாதா? கொட்டை நீக்கின சுளை 25லிருந்து 30 கிராம் இருக்கும். மூணு சுளையில ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. அதாவது ரெண்டு இட்லி. சாப்பாட்டுக்குப் பிறகு மேல போட்டா 45 கணக்கு 65 ஆயிடும். வேணும்னா ரெண்டு இட்லிக்குப் பதிலா மூணு சுளை. பழுத்தது வேற, பலா மூசு (பிஞ்சுப் பலா) வேற. மூசைக் காயா நினைச்சுக் கூட்டு வைக்கலாம். பலாக்கொட்டை கிழங்கு மாதிரி, மாவுதான். சாம்பார்ல நாலஞ்சு கொட்டை கிடந்தா அதையும் எண்ணிக்குங்க.

முந்திரி சுகரை அவ்வளவா ஏத்தாது, ஆனா 100 கிராம்ல 550 கலோரிக்கு மேல. பத்துப் பருப்புன்னா 15 கிராம், அதோட கையை எடுத்துடணும். டிவி முன்னாடி டப்பாவோட உட்கார்ந்தா எடை குறையாது, எடை குறையலைன்னா சுகரும் அசையாது.

கொய்யா நல்லது, காயும் பழமுமா இருக்கிற பதத்துல ஒண்ணு. நுங்கு ரெண்டு மூணு சாப்பிடலாம். பதநீர் அப்படியில்ல, அது இனிப்புத் தண்ணி; ஒரு டம்ளர்ல 20 கிராம் சர்க்கரை சாதாரணமா இருக்கும். எந்தப் பழமா இருந்தாலும் மென்னு தின்னணும். ஜூஸ் போட்டா மூணு பழம் ஒரே மடக்குல போயிடும்.

முதுநகர் மருந்துக்கடை

இழையை வேற யார் யாரோ படிப்பாங்க, அதனால ஒரு எச்சரிக்கை. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர் சோத்தைப் பாதியாக்கினா சுகர் ஆபத்தா இறங்குறது அரிது. ஆனா சீட்டுல கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடுன்னு ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, அது சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சுகரை இறக்கும். அவங்க டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை அளவைக் குறைக்காம சாப்பாட்டை வெட்டக்கூடாது. வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தா உடனே பாருங்க; 70க்குக் கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூணு டீஸ்பூன் தண்ணியில கரைச்சு. 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. நினைவு தப்பினவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: வோக்லிபோஸ் இல்ல அகார்போஸ் கலந்த கூட்டு மாத்திரை எடுக்கிறவங்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரையை உடைக்கிற நொதியைத்தான் அந்த மருந்து தடுக்குது. அவங்க வீட்ல குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்டே இருக்கணும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கிறவங்க சோத்தை மொத்தமா நிறுத்துறது, நாள் முழுக்க விரதம் இருக்கிறது ரெண்டும் வேண்டாம். மீட்டர்ல சுகர் பெருசா ஏறாமலே ரத்தத்துல அமிலம் ஏறுற நிலை வரலாம். வாந்தி, மூச்சிரைப்பு, வயித்துவலி வந்தா "சுகர் 180தானே"ன்னு வீட்ல உட்காராதீங்க.

பாண்டிங்கிறதால இதையும் சொல்லிடறேன். கிளிமிபிரைடு போட்டுட்டு ராத்திரி வெறும் வயித்துல குடிச்சா, ஈரல் சாராயத்தைக் கவனிக்கப் போயிடும், குளுக்கோஸ் விடுற வேலை நின்னுடும். நடுராத்திரியில சுகர் இறங்கினா வீட்ல இருக்கிறவங்க "போதை"ன்னு நினைச்சு விட்டுடுவாங்க.

கோரிமேடு

முழுசா குணமாகி மாத்திரையையே நிறுத்த முடியும்னு வீடியோ போடுறாங்களே, அது?

லாஸ்பேட்டை லேப்

பாகற்காய் ஜூஸ் வீடியோவா இருந்தா விட்டுடுங்க. ஆய்வுல வந்தது வேற. 2017ல பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு வெளியாச்சு: ஆறு வருஷத்துக்குள்ள டைப் 2 வந்தவங்க, அதிக எடை உள்ளவங்க, மூணு மாசத்துக்கு மேல நாளுக்கு 850 கலோரி வாக்கில் திரவ உணவு மட்டும். ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாம எச்பிஏ1சி 6.5க்குக் கீழ வந்தது. 15 கிலோவும் அதுக்கு மேலயும் குறைச்சவங்கள்ல 86 சதவீதம். ஆக விஷயம் எடை. கண்காணிப்பு இல்லாம 850 கலோரி முயற்சி வேண்டாம், எடை திரும்பினா சுகரும் திரும்பும். அதனாலதான் டாக்டருங்க "தணிவு"ன்னு சொல்றாங்க, குணம்னு சொல்றதில்ல.

அப்பா விஷயத்துல 78ல ஆறேழு கிலோ குறைஞ்சாலே எண்கள் நகரும்.

கோரிமேடு

பிரெஞ்சு ரொட்டி? மைதாதான்னு தெரியும், ஆனா வாரத்துல ஒரு நாள்.

மஞ்சக்குப்பம் தராசு

100 கிராம் பகெட்ல 50, 55 கிராம் மாவுச்சத்து. ஒரு கை நீளத் துண்டு 60 கிராம்னா 30 வந்துடும். அதுக்குள்ள ரெண்டு முட்டை ஆம்லெட், வெள்ளரி வச்சு, அந்த வேளைக்கு வேற மாவு இல்லாம சாப்பிடுங்க. ஜாம், டீயில சர்க்கரை சேர்ந்தா போச்சு. "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டு இதை விட மோசம். பின்பக்கம் சர்க்கரை வரியைப் பார்க்காதீங்க, மொத்த கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்க. 65, 70ன்னு இருக்கும்.

வில்லியனூர் வரகு

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் (INDIAB) ஆய்வுல சுகர் உள்ளவங்க கோவாவுல 26.4, புதுச்சேரியில 26.3 சதவீதம். நாட்டுச் சராசரி 11.4. நாலு பேர்ல ஒருத்தர்னா இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்ல. தனிச் சமையல்னு வைக்காதீங்க, வீட்டுக்கே மாவை மாத்துங்க. இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு போடுறதை ரெண்டுக்கு ஒண்ணு ஆக்குங்க: ரெண்டு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. உளுந்து கூடினா மாவு இளகும், இட்லி தட்டையாகும். தண்ணியைக் குறைச்சு, ஐஸ் தண்ணி தெளிச்சு அரைங்க. மே மாசப் புழுக்கத்துல ஆறு மணி நேரத்துக்கு மேல வெளிய வச்சா பொங்கி அமுங்கிடும்.

இன்னொண்ணு பச்சைப்பயறு தோசை. 200 கிராம் முழுப்பயறு எட்டு மணி நேரம் ஊற வச்சு, இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் போட்டு அரைச்சு உடனே ஊத்தலாம், புளிக்க வேண்டியதில்ல. எட்டுத் தோசை வரும். ஒண்ணுக்கு 13 கிராம் வாக்கில் மாவுச்சத்து, 6 கிராம் புரதம். கல்லுல ஒட்டினா ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு போதும், ஒரு கரண்டி போட்டுடாதீங்க. (கணக்கு போடக் கத்துக்கிட்டேன் தராசு அண்ணே.)

மஞ்சக்குப்பம் தராசு

😀 முதல் தரமான பதிவு. மதியத்துக்கும் ஒண்ணு: பெரிய மார்க்கெட்லயோ முதுநகர் துறைமுகத்துலயோ மத்தி, கவலை, நெத்திலி விலை மலிவு. மீன்ல மாவுச்சத்தே இல்ல, வஞ்சரம்தான் வேணும்னு இல்ல. ஆனா குழம்பு ருசியா இருந்தா சோறு ரெண்டாவது தடவை போகும். சோத்தை நிறுத்துத் தட்டுல போட்டுட்டு பாத்திரத்தை அடுப்படியிலேயே விட்டுட்டு வாங்க.

முதுநகர் மருந்துக்கடை

கடலூர் பக்கத்துக்காரங்களுக்கு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பதிஞ்சா சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். அது தமிழ்நாட்டுத் திட்டம், பாண்டிக்குக் கிடையாது. ரெண்டு பக்கமும் பொதுவா ஒண்ணு: டைப் 2 தெரிஞ்ச உடனே கண் விழித்திரை, சிறுநீர்ல அல்புமின், பாத உணர்ச்சி மூணையும் பார்த்துடணும். வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் எடுக்கிறவங்க பி12 பார்க்கணும்.

முத்தியால்பேட்டை மாடிவீடு

பத்து நாள் நோட்டுல இருந்து. ராத்திரிச் சாப்பாடு ஏழரை ஆனதுக்கப்புறம் வெறும் வயிறு 155லிருந்து 138. மதியம் 150 கிராம் சோறு, மத்தி, அவரைப் பொரியல்: முன்னாடி 126, பின்னாடி 169. பயறு தோசை மூணு: 138, 172. ஆனா இட்லி மட்டும் ஒத்துக்கல. 40 கிராம்ல மூணு, ஒரு முட்டை, சாம்பார் ரெண்டு கரண்டி: 141, 223. ரெண்டு தடவை பார்த்தாச்சு. காபியில சர்க்கரை இல்ல.

லாஸ்பேட்டை லேப்

காலையில உடம்பு இன்சுலினுக்கு அவ்வளவா மசியாது, அதனால அதே 30 கிராம் காலையில கூட ஏறும். ஆனா 82 ஏறுறது அதிகம். பயறு தோசைக்கு 40 கிராம் மாவுச்சத்துலயே 34தான் ஏறியிருக்கு, அதுவும் காலையிலதானே?

மஞ்சக்குப்பம் தராசு

சாம்பார்ல வெல்லம் போடுவீங்களா?

முத்தியால்பேட்டை மாடிவீடு

அம்மாவைக் கேட்டேன். "கொஞ்சூண்டுதான், நெல்லிக்காய் அளவு"ங்கிறாங்க. நாளைக்கு அதையும் தராசுல வச்சுப் பார்த்துட்டு எழுதறேன்.